பழி ஓரிடம்

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த நாலு சொல்லுக்குள் ஒரு முழு நீதிமன்றம் இருக்கிறது. யார் கையில் அகப்பட்டதோ அவன்தான் திருடன், யார் பக்கத்தில் நின்றானோ அவன்தான் குற்றவாளி என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். மனுஷன் எழுதுகிற அறிக்கைதான் அப்படி, மெஷின் எழுதினால் பட்சபாதம் இருக்காது என்று நம்மில் படித்தவர்களே பேசுகிறார்கள். மெஷினும் அப்படித்தான் எழுதுகிறது. ஒரு வித்தியாசம், மெஷினைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்க முடியும். கேட்கத் தெரிந்தவர் நம் வீட்டில் ஒருத்தராவது இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் இந்தப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக் கடைசிவரை வரவும்.

என் சித்தி மகள் நெடுங்காடு பக்கத்துக்காரி. காரைக்காலிலேயே பொறியியல் படித்து, சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வேறு ஊர்களில் ஓடுகிற சர்வர்களை இரவு முழுக்கக் கண்காணிப்பது அவளுடைய வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனபிறகு ஊருக்கு வந்துவிட்டாள். ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறை, ஒரு மேசை, ஒரு பேட்டரி, சுவரில் அம்பேத்கர் காலண்டர். அவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ்.

போன வருஷம் கார்த்திகை மாசம். ஒரு வாடிக்கையாளருடைய சர்வர் ராத்திரியில் அடிக்கடி இருபது, இருபத்தைந்து விநாடி அப்படியே நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்க்கும்படி இவளிடம்தான் சொன்னார்கள். இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னொரு முறை நின்றது. மறுநாள் காலையில் மெமோ வந்தது. 'தங்களுடைய கவனக்குறைவான செயலால் சேவை நிறுத்தப்பட்டது, மூன்று நாளில் விளக்கம் தரவும்.' போனில் பேசிய மேலாளர் கூடவே ஒரு வாக்கியம் சொன்னாராம். "கோட்டாவுல படிச்சு வந்துட்டு கெர்னல்ல கைய வச்சா இப்படித்தான் ஆகும்." மெமோவில் அந்த வாக்கியம் இல்லை. அந்த மாதிரி வாக்கியம் எப்போதும் மெமோவில் இருக்காது.

"அக்கா, நீதானே ஊருக்கெல்லாம் மனு எழுதுற. எனக்கு ஒண்ணு எழுதிக்கொடு" என்று வந்து நின்றாள். நான் எம்.ஏ. தமிழ். நிலப் பட்டா, முதியோர் பென்ஷன், சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என்று பத்துப் பதினைந்து வருஷமாக மனு எழுதுகிறேன். புரியாததை எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம் உண்டு. "நீ எனக்கு விளங்க வை, நான் எழுதுறேன்" என்றேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து விளங்க வைத்தாள். அவள் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

லினக்ஸ் என்கிற இயக்கு மென்பொருளின் உள்கரு கெர்னல். வட்டிலிருந்து படிப்பது, வலையில் அனுப்புவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு வைப்பது எல்லாம் அதன் வேலை. அதற்குள் பல்லாயிரக்கணக்கான சின்னச் சின்ன வேலைத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை ஃபங்ஷன் என்கிறார்கள். நமக்கு ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. இது வேறு. எந்த ஃபங்ஷன் எப்போது ஓடியது, எதை அழைத்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று தடம் பிடிக்கும் கருவி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்ட்ரேஸ் என்று பெயர். ஸ்டீவன் ரோஸ்டெட் என்பவர் முன்னின்று எழுதியது. 2008 அக்டோபரில் வெளிவந்த 2.6.27 கெர்னலில் சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஒரு சிறு இடம் விடப்பட்டிருக்கும். இன்டெல் வகை 64 பிட் மெஷினில் 5 பைட். தடம் பார்க்காத நேரத்தில் அந்த இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்கிற உத்தரவு இருக்கும். தடம் பார்க்கச் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த உத்தரவை அழித்து 'உள்ளே போகுமுன் இங்கே வந்து பெயர் சொல்லிவிட்டுப் போ' என்று மாற்றி எழுதிவிடும். எல்லா வாசலிலும் ஆள் வைக்கலாம், நாலே வாசலில் மட்டும் வைக்கலாம். நாலே வாசல் என்று குறிப்பதை ஃபில்டர் என்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கே இதில்தான் நிற்கிறது.

அடுத்து 'ஸ்டால்'. புத்தக ஸ்டால் இல்லை. நின்றுபோவது. கெர்னலில் ஆர்.சி.யூ. என்று ஓர் ஏற்பாடு உண்டு. லினக்ஸில் அதைக் கொண்டுவந்தவர்களில் பால் மெக்கென்னியோடு நம் நாட்டு ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த தீபாங்கர் சர்மாவும் ஒருவர். 2002இல் சேர்த்தார்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யாரையும் எழுப்பக் கூடாது. புதிதாக வருகிறவருக்குப் புது இலை. ஆனால் பழைய இலையை எடுத்துப் போட வேண்டுமென்றால் முன்பு உட்கார்ந்தவர் எல்லோரும் எழுந்தாக வேண்டும். ஒருத்தர் எழுந்திருக்காமலே இருந்தால்? இலை எடுக்க முடியாது, குப்பை சேரும், பந்தி நாறும். வழக்கமாக 21 விநாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு கெர்னல் சத்தம் போடும். 'இந்த சிபியு இன்னும் எழுந்திருக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதி, அந்த நேரத்தில் அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு பெயரையும் எழுதும்.

அன்றைக்கு ராத்திரி எழுதிய பெயர் 'கேட்'. பூனை இல்லை. ஒரு கோப்பை வாசித்துக் காட்டும் சின்னக் கட்டளை. தடப் பதிவை வாசிக்க இவள் ஓட்டியிருந்த கட்டளை அது. புகார் சொன்னது சிபியு 0. நின்றுபோனது சிபியு 2. அங்கே இருந்தது கேட், ஓட்டியது இவள். ஆக, குற்றவாளி அகப்பட்டாகிவிட்டது. மேலாளர் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

நம் தோழர்களுக்கு இது புதிதா? முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்துவிட்டால் அதுவே தீர்ப்பு என்று நடத்துகிற ஊர் இது. ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னும் முப்பது நாற்பது வரி இருந்தது. யார் யாரை அழைத்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்கிற வரிசை அது. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டுமாம். கீழே கேட். அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே 'ஐ.ஆர்.க்யூ.' என்று ஒரு கோடு. அதாவது வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு வந்து, கேட்டை அப்படியே உட்காரவைத்துவிட்டு அதன் தலைமேல் ஏறி வேலை செய்திருக்கிறது. ஏறியது வட்டைக் கவனிக்கும் டிரைவர். வட்டில் பிழை, பிழை என்று செய்தி எழுத வந்தது. அதற்கும் மேலே, உச்சியில், 'கன்சோல் அன்லாக்' என்கிற ஃபங்ஷன்.

"பேரு கேட்டோடது. வேலை கேட்டோடது இல்லக்கா. அவன் வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்து அடிச்சுக்கிட்டானுங்க, வீட்டுக்காரன் பேரு கேஸ்ல ஏறிடுச்சு" என்றாள். எனக்கு அந்த இடத்தில் முழுக்கப் புரிந்துவிட்டது.

கன்சோல் அன்லாக்கில் என்ன நடந்தது? அந்த சர்வர் தன் செய்திகளைப் பழைய சீரியல் கம்பி வழியாக வெளியே எழுதுகிறபடி வைத்திருந்தார்கள். வேகம் 9600. ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று வைத்தால் விநாடிக்கு 960 எழுத்து. ஒரு வரிக்கு 80 எழுத்து என்றால் விநாடிக்கு 12 வரி. வட்டுப் பிழை வரும்போது நாலு சிபியுவிலிருந்தும் முந்நூறு வரி ஒரேயடியாகக் கொட்டியது. 300 வரிக்கு 25 விநாடி. கணக்கு நேராக வந்து 21ஐத் தாண்டி நிற்கிறது.

சரி, நாலு பேர் கொட்டியதற்கு ஒருத்தர் ஏன் நிற்க வேண்டும்? அங்கேதான் அநியாயம். பழைய கெர்னல்களில் விதி இது: கம்பி யார் கையில் இருக்கிறதோ அவர் தன் வரியை எழுதி முடித்துவிட்டுப் போக முடியாது. அதற்குள் மற்றவர்கள் கொண்டுவந்து போட்ட வரிகளையும் அவரே எழுத வேண்டும். போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கட்டு நாற்றோடு வயலில் இறங்கியவள் தலையில் ஊர்க் கட்டையெல்லாம் ஏற்றிவிட்டு, 'ஏண்டி வரப்புல நிக்கிற' என்று கேட்கிற கதை. அன்று சிபியு 2 கொண்டுவந்தது ஒரு வரி. சுமந்தது முந்நூறு.

இந்த அநியாயம் கெர்னல் எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. 2018இல் வெளிவந்த 4.16இல் அதே ரோஸ்டெட் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். அடுத்து எழுத வருகிறவர் காத்திருந்தால், சுமக்கிறவர் சுமையை அவரிடம் கைமாற்றிவிட்டுப் போகலாம். எளிமையான காரியம். இவளுடைய சர்வரில் ஓடியது 4.9 வரிசை. அது வந்தது 2016 டிசம்பரில். புதிய விதி எட்டாத இடம்.

மேலாளர் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையில்லை. தடம் பார்ப்பதே மெஷினை நிறுத்திவிடும், ஆகவே இவள்தான் நிறுத்தினாள் என்பது அந்த வாதம். தடம் பார்ப்பது மெஷினை நிறுத்தக்கூடும் என்பது உண்மைதான். எல்லா ஃபங்ஷனின் வாசலிலும் ஆள் வைத்து, போதாததற்கு ஒவ்வொரு முறையும் 'யார் அழைத்து வந்தாய்' என்று முழு வம்ச வரிசையையும் எழுதச் சொன்னால் மெஷின் ஊரும். கடிகாரக் குறுக்கீடு விநாடிக்கு 250 முறை, சில இடங்களில் 1000 முறை வரும். ஒரு குறுக்கீட்டுக்குக் கணக்கு எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றால், கணக்கு எழுதுவது மட்டுமே நடக்கும், வேலை நடக்காது. வம்ச வரிசை கேட்பதற்கு முன் ஃபில்டர் போட்டுக்கொள் என்று அந்தக் கருவியின் கையேடே எச்சரிக்கிறது. எந்த ஒரு ஃபங்ஷனைத் தொட்டால் மெஷின் உறைகிறது என்று கண்டுபிடிக்க, பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கும் ஒரு சிறு நிரலையும் கெர்னலோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஐம்பதாயிரம் பெயர் இருந்தாலும் 16 முறை வெட்டினால் ஒற்றைப் பெயரில் வந்து நிற்கும். சந்தேகம் என்பதற்காக ஐம்பதாயிரம் பேரையும் அடிக்காமல் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்.

தடம் பார்க்கும் கருவியே குற்றவாளியாக நின்ற சரித்திரமும் உண்டு. 2008 செப்டம்பரில், 2.6.27 முழுதாக வெளிவரும் முன்பே, சோதனை கெர்னல் போட்டவர்களின் இன்டெல் வலை அட்டைகள் செத்து விழுந்தன. இ1000இ என்கிற டிரைவர் பெயர்தான் கெட்டது. பல வாரம் அதன்மீதே சந்தேகம். கடைசியில் பார்த்தால் காரணம் எஃப்ட்ரேஸ். ஆரம்ப வேலைக்கு மட்டும் ஒதுக்கி, பிறகு காலி செய்துவிட்ட ஓர் இடத்தின் முகவரியை அது மறக்காமல் வைத்திருந்தது. அந்த முகவரியில் வலை அட்டையின் நினைவகம் குடிவந்த பிறகும் போய் அங்கே எழுதிவிட்டது. அக்டோபர் 9இல் வெளிவந்த கெர்னலில் அந்தப் பகுதியை முடக்குவதற்காகவே சில நாளில் 2.6.27.1 வந்தது. குற்றம் எங்கே என்று தெரிந்ததும் ரோஸ்டெட் எல்லோர் முன்னிலையிலும் விளக்கினார். 'டிரைவர் எழுதினவனைக் கேளு' என்று தள்ளிவிடவில்லை.

அப்படியானால் இவள் வழக்கில் பாவம் எந்த இடம்? சொல்லால் நிரூபிக்க முடியாது, சான்று வேண்டும். அவளிடம் மூன்று இருந்தன. முதலாவது, தடமே போடாத முந்தைய இரவுகளிலும் இதே 21 விநாடிச் சத்தம் பதிவேட்டில் இருந்தது. பெயர் மட்டும் ஒவ்வொரு இரவும் வேறு. அந்த நேரத்தில் திண்ணையில் யார் இருந்தாரோ அவர் பெயர். இரண்டாவது, இவள் ஃபில்டர் போட்டிருந்தாள். வைத்தது நாலே வாசல், அதில் ஒன்று கன்சோல் அன்லாக். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் முதல் காரியமாகத் தடத்தையும், ஒவ்வொரு சிபியுவும் எத்தனை வரி எழுதியது என்கிற கணக்கையும் எடுத்துச் சேமித்திருக்கிறாள். நாலும் சேர்ந்து ஆயிரம் வரிகூட இல்லை. எல்லா வாசலிலும் ஆள் வைத்திருந்தால் லட்சக்கணக்கில் வழிந்திருக்கும். மூன்றாவது, அந்தத் தடத்திலேயே கன்சோல் அன்லாக் எடுத்துக்கொண்ட நேரம் 23 விநாடி என்று எழுதியிருந்தது. ஒரு விநாடியைத் தாண்டினால் பக்கத்தில் டாலர் குறி போடும். அந்தக் குறியும் இருந்தது.

அதோடு விடவில்லை. அதே மாதிரி உதிரி மெஷின் ஒன்று சென்னையில் சும்மா கிடந்தது. உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் சொல்லி அதற்கு வழி வாங்கினாள். அதில் எல்லா ஃபங்ஷனுக்கும் தடம் போட்டு ஒரு மணி நேரம் விட்டாள். மெதுவாக ஓடியது, நிற்கவில்லை. பிறகு தடத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, எல்லா சிபியுவிலிருந்தும் 400 வரி கொட்டும் ஒரு சின்ன மாட்யூல் எழுதி ஓட்டினாள். நின்றது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் நின்றது. கன்சோலுக்குப் போகும் செய்தியின் அளவைக் குறைத்துவிட்டு அதே 400 வரியைக் கொட்டினாள். ஓடிக்கொண்டே இருந்தது.

இதை வைத்து விளக்கம் எழுத உட்கார்ந்தோம். முதலில் தமிழில் எழுதினேன், பிறகு இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் போட்டோம். எழுதும்போது இலக்கணம் படித்தது உதவியது. மெமோ முழுக்கச் செயப்பாட்டு வினை. 'சேவை நிறுத்தப்பட்டது.' யார் நிறுத்தியது? 'தங்களால்.' அந்த 'ஆல்' உருபுக்குச் சான்று என்ன? ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதியதில் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் வைத்தோம். வட்டு பிழை சொன்னது. டிரைவர் செய்தி எழுதியது. கம்பி மெதுவாக வாங்கியது. சிபியு 2 சுமந்தது. சிபியு 0 புகார் சொன்னது. கேட் உட்கார்ந்திருந்தது. நான் நாலு வாசலில் பார்த்தேன். ஏழே வாக்கியம். கூடவே தடப் பதிவு. 'தயவுகூர்ந்து', 'பணிவுடன் மன்னிக்கக் கோருகிறேன்' என்று ஒன்றும் வேண்டாம் என்று அவளே அடித்துவிட்டாள்.

இதெல்லாம் முடிந்தது ஒரே காரணத்தால். கெர்னலின் மூல எழுத்து திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கலாம். வாசலில் நின்று யாரும் நீ என்ன ஆள் என்று கேட்பதில்லை. நமக்கு இதன் அருமை தெரியும். நம் பக்கத்து திருவாரூரில் ஆட்சியராக இருந்தபோது நில ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவந்த உமாசங்கர், பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்து தமிழக அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தார். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழையே கேள்வி கேட்டு இடைநீக்கம் செய்தார்கள், அடுத்த மாதமே விலக்கிக்கொண்டார்கள். மெஷின் திறந்திருந்தாலும் ஆபீஸ் திறந்திருப்பதில்லை. லினக்ஸைக் கொண்டாடும் தோழர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்.

விளக்கம் போய்ப் பத்து நாள் பதில் இல்லை. காரைக்கால்காரர்களுக்கு அது பழக்கம்தான். இங்கே எந்த மனு கொடுத்தாலும் 'கோப்பு புதுச்சேரிக்குப் போயிருக்கு' என்பார்கள். சுமார் 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாடு. எங்கே நிற்கிறது, யார் மேசையில் நிற்கிறது என்று தடம் பார்க்க வழியில்லை. பதினோராவது நாள் இரண்டு வரி வந்தது. 'விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. இனி கவனமாக இருக்கவும்.' மறுபடியும் செயப்பாட்டு வினை. அதற்குள் வட்டின் கம்பியை மாற்றிவிட்டார்கள். கன்சோல் அளவைக் குறைத்துவிட்டார்கள். இவள் எழுதிக்கொடுத்தபடியேதான் செய்திருக்கிறார்கள். செய்தவர் பெயராக வேறொருவர் பெயர் போயிருக்கிறது. சர்வர் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

வேலை போகவில்லையே, விட்டுத் தொலை என்று சித்தி சொன்னார். அவள் விடவில்லை. "மெமோ என் ஃபைல்ல கெடக்குதும்மா. நாளைக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது எவனோ அந்த ஒரு வரியத்தான் படிப்பான். மிச்ச நாப்பது வரிய எவனும் படிக்க மாட்டான்" என்றாள். மெமோவை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும் என்று இரண்டாவது கடிதம் அனுப்பினோம். மூன்றாவது மாசி மாசம் போனது. நாலாவது தயாராகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் அவள் அறைக்கு வருகிறார்கள். பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்த ராத்திரியின் தடப் பதிவு ஒரு பென் டிரைவில் இருக்கிறது. சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் இருக்கிற அதே பிளாஸ்டிக் பைக்குள் அதையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.